முப்பது டெசிபல் பள்ளம்

மதியழகனுக்குத் தலை ஒன்றுதான். வந்து இறங்கிய ஹெட்போன்களோ மூன்று. எல்லாத் தொல்லையும் அந்தக் கணக்கில்தான் தொடங்கியது.

அவன் நடத்திவந்த ‘ஒலிமானி’ இணையதளத்தைத் தமிழ்நாட்டில் காது இருக்கிற எல்லோரும் படித்தார்கள் என்று சொல்ல முடியாது. காதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் படித்தார்கள். நடுத்தர விலை ஹெட்போன்களின் ஆண்டு ஒப்பீடுதான் அந்தத் தளத்தின் திருவிழா. உச்ச விலையில் வாங்குகிறவர்கள் யாரையும் கேட்டு வாங்குவதில்லை. மலிவாக வாங்குகிறவர்களுக்குக் கேட்க நேரமில்லை. நடுவில் இருக்கிறவர்கள்தான் மாதக்கணக்கில் படித்து, முகம் தெரியாத நாலு பேரோடு இணையத்தில் சண்டை போட்டு, கடைசியில் ஒன்றை வாங்கிவிட்டு, இன்னொன்றை வாங்கியிருக்கலாமோ என்று ஏங்குவார்கள். அவர்களுக்கு மதியழகன் சொன்னால் சொன்னதுதான்.

அவனுக்கு ஒரு விரதம் இருந்தது. புதுச் செருப்பைப் போலத்தான் புது ஹெட்போனும், பழகி வர நாளாகும். நூறு மணி நேரமாவது ஓடாத ஹெட்போனைப் பற்றி அவன் ஒரு வரி எழுத மாட்டான். ஆங்கிலத்தில் பர்ன்-இன் என்பார்கள், அவன் ஊறப்போடுவது என்பான். முன்பெல்லாம் இது சுலபம். அலமாரியில் வைத்து மழைச் சத்தத்தை ஓடவிட்டுக் கதவைச் சாத்திவிட்டால் அது பாட்டுக்கு ஊறும். இந்த வருடம் வந்தவை அப்படி ஊறுகிற ஜாதி இல்லை. இவற்றின் காதுமெத்தைக்குள் உணரிகள் இருந்தன. உயிருள்ள தலையில் மாட்டினால் ஓடும், கழற்றினால் நின்றுவிடும். மாட்டியவரின் காதைப் படித்து அதற்கேற்ப ஒலியைத் திருத்திக்கொள்ளும் என்று மூன்று பெட்டிகளிலும் மூன்று விதமான பெருமையோடு அச்சிட்டிருந்தது.

ஆக, மூன்று தலைகள் தேவைப்பட்டன. கொளத்தூரில் அந்த அடுக்ககத்தின் இரண்டாம் மாடி வீட்டில் சரியாக மூன்று தலைகள் இருந்தன.

டெல்வாக் 400-ஐ அவனே எடுத்துக்கொண்டான். உலோகச் சட்டம், சற்று கனம், தலையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கும். ஆனால் ஒலியில் கூட்டல் கழித்தல் இல்லாத நேர்மை. ஊர்சா என்ற ஆழ்ந்த பேஸ் கொண்ட குண்டு ஹெட்போனை மாமனார் தணிகாசலத்துக்குக் கொடுத்தான். அவர் பத்திரப்பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, மகளோடு வந்து தங்கியிருப்பவர். நாள் முழுக்கத் தொலைக்காட்சி விவாதம் பார்ப்பவர் என்பதால் நூறு மணி நேரம் அவருக்கு ஒரு பொருட்டில்லை. துணி சுற்றிய மெத்தையும் பூப்போன்ற எடையும் கொண்ட மூன்றாவதான கீரவாணியை மனைவி பூங்கோதைக்குக் கொடுத்தான். அவள் பல் டாக்டர். வில்லிவாக்கத்தில் சின்ன கிளினிக். பல்லைத் துளைக்கும் டிரில்லின் சத்தம் காதைத் தின்கிறது என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தது அவனுக்கு நல்ல வேளையாக நினைவுக்கு வந்தது. இந்த ஹெட்போன்கள் வெளிச்சத்தத்தையும் மைக் வழியாக உள்ளே விடுபவை. மாட்டிக்கொண்டே பேஷண்ட்டிடம் பேசலாம், வீட்டில் சமைக்கலாம்.

“ஊறப்போட்டா என்னதாங்க ஆகும்?” என்று பூங்கோதை கேட்டாள்.

அவன் அரை மணி நேரம் விளக்கினான். அவள் பாதியிலேயே ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். ஆர்வம் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அந்த வாரத்தில் அவள் இன்னொரு கேள்வியும் கேட்டிருந்தாள். அவளோடு படித்த தோழி ஒருத்தி கோயம்புத்தூரில் பெரிய பல் மருத்துவமனை திறக்கிறாள். தலைமை டாக்டராக வரச் சொல்லிப் பூங்கோதையைக் கூப்பிட்டிருந்தாள். “நான் போகட்டுமா?” என்று பூங்கோதை கேட்டாள். மதியழகன் அதை அலட்சியம் செய்யவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து சென்னையையும் கோயம்புத்தூரையும் ஒப்பிட்டான். வெயில், தண்ணீர், வாடகை, தெரு இரைச்சல் என்று எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டான். இரண்டு ஊரும் ஏறக்குறைய சமமாக வந்தன. “ரெண்டுமே நல்ல தேர்வுதான். பயன்படுத்தறவங்களோட தேவையைப் பொறுத்தது” என்று முடிவுரையும் சொன்னான். பூங்கோதை அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மாத முடிவுக்குள் தோழிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளினிக்குக்குக் கிளம்பினாள்.

அந்தப் பார்வைதான் அவனைத் தொந்தரவு செய்தது. அவள் போய்விடுவாளோ என்று பயமாக இருந்தது. போகாதே என்று சொல்ல வேண்டும், ஆனால் எப்படிச் சொல்வதென்று யோசித்தால் காரணங்களின் பட்டியல்தான் வாயில் வந்தது. முதலில் ஹெட்போன்கள் ஊறட்டும் என்று தள்ளிப்போட்டான்.

ஹெட்போன்கள் ஊறின.

முதலில் மாமனாரின் ஊர்சாவை எடுத்து மாட்டினான். பேஸ் நன்றாக இருந்தது, காது சற்று வேர்த்தது. தொலைக்காட்சியில் விவாதம் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு பேர் வாயை அகலமாகத் திறந்து திறந்து மூடினார்கள், சத்தம் வரவில்லை. விளம்பர இடைவேளையில் ஒரு நல்லெண்ணெய்ப் பாட்டு மட்டும் கணீரென்று வந்தது. கழற்றிப் பார்த்தான், நான்கு பேரும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

“மாமா, இதுல விவாதம் உங்களுக்குக் கேட்டுதா?”

“கேக்கல மாப்ள. அருமையான செட்டு” என்றார் தணிகாசலம்.

பழுது என்று குறித்துக்கொண்டு கீரவாணியை எடுத்தான். இதை அவன் வாழ்நாளில் மறக்க மாட்டான். நாதஸ்வரம் நெற்றிக்கு நேரே நின்றது. தவிலின் வலந்தலை ஒரு பக்கம், தொப்பி இன்னொரு பக்கம், நடுவே ஜால்ராவுக்குத் தனி இடம். தலையில் ஒன்று இருக்கிறது என்பதே தெரியவில்லை. முதல் பரிசு இதற்குத்தான் என்று முடிவு செய்து, வழக்கம்போலக் குறிப்புகளைச் சத்தமாகச் சொல்லிப் பதிவு செய்ய வாயைத் திறந்தான்.

வாய் அசைந்தது. குரல் வரவில்லை.

தொண்டையைக் கனைத்தான். அதுவும் வரவில்லை. டம்ளரை மேசையில் வைத்தான், டக் என்று கேட்டது. மாமனார் கூடத்தில் தும்மினார், கேட்டது. கீழே காய்கறி வண்டி போனது, கத்தரிக்காய் வரைக்கும் கேட்டது. அவன் குரல் மட்டும் அந்த உலகத்தில் இல்லை.

கம்பெனிக்குப் போன் செய்தான். கீரவாணியை வடிவமைத்த குழுவில் ரெஹானா என்ற பொறியாளர் அவனுடைய தளத்தை ஒழுங்காகப் படிப்பவள். அவளே எடுத்தாள். நடந்ததைச் சொன்னான்.

“சார், சொகுசு அப்படிங்கறது ஒரு காலத்துல மெத்தை சமாச்சாரமா இருந்துச்சு” என்றாள் ரெஹானா. “தலையை அழுத்தக் கூடாது, காது வேர்க்கக் கூடாது, அவ்ளோதான். அதெல்லாம் எல்லா கம்பெனியும் சரி பண்ணியாச்சு. மிச்சம் இருந்த அசௌகரியம் ஒண்ணே ஒண்ணுதான் சார். கேக்கற சத்தம்.”

“புரியல.”

“மெத்தைக்குள்ள இருக்கற உணரி உங்க நாடித்துடிப்பைப் பாக்கும். தாடை இறுகுதான்னு பாக்கும், அதாவது பல்லைக் கடிக்கறீங்களான்னு. எந்தச் சத்தம் வரும்போது பல்லைக் கடிக்கறீங்களோ, அதைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுடும். எதுக்கு நீங்க காதைத் தீட்டிக்கிட்டு உக்காருறீங்களோ, அதை ஏத்திவிடும். ரெண்டும் இல்லன்னா அப்படியே விட்டுடும். நூறு மணி நேரத்துல நல்லா கத்துக்கும்.”

“இது மேனுவல்ல இருக்கா?”

“சொகுசுன்னு இருக்கு சார்.”

“டெல்வாக், ஊர்சா எல்லாம்?”

“மூணு பேரும் ஒரே சிப்பைத்தான் வாங்கறோம். வெளில எழுதிடாதீங்க.” பிறகு அவள் சாதாரணமாகக் கேட்டாள். “உங்க குரல் உங்களுக்கே எரிச்சலாவா இருக்கு? அப்படி வந்ததில்லையே. உங்க தலையிலதானே சார் ஊறப்போட்டீங்க?”

“இல்ல. என் மனைவி தலையில.”

மறுமுனையில் ரெஹானாவின் குரல் தணிந்தது.

“சார், அப்ப இதுல தயாரிப்புக் குறை எதுவும் இல்ல” என்றாள்.

அவன் வாரண்டி பற்றி ஏதோ கேட்கப் பார்த்தான். அவள் இரக்கத்தோடு வழி சொன்னாள். ரீசெட் செய்துவிடலாம், கற்றதெல்லாம் அழிந்துவிடும். வேண்டாம் என்றால் சோதனை நிலையில் போட்டுப் பொம்மைத் தலையில் மாட்டி அளந்து பார்க்கலாம். அவனே போட்டுக்கொண்டு திரிந்தால் மெல்ல அது அவனுடைய காதாக மாறிவிடும்.

மதியழகனிடம் பொம்மைத் தலை இருந்தது. இரண்டு காதிலும் மைக் வைத்த சாம்பல் நிற ரப்பர் தலை. தணிகாசலம் அதை நாலாவது ஆள் என்பார். அதில் கீரவாணியை மாட்டி, எதிரே உட்கார்ந்து பேசி, கணினியில் கோட்டைப் பார்த்தான். உள்ளே போன குரலுக்கும் வெளியே வந்த குரலுக்கும் நடுவில் முப்பது டெசிபல் பள்ளம். வரைபடத்தில் அது கிணறு தோண்டிய மாதிரி இருந்தது. பக்கத்திலேயே டிரில் சத்தத்துக்கும் ஒரு பள்ளம் இருந்தது. அதன் ஆழம் இருபத்திரண்டுதான்.

மனம் நொந்து போனான். பதினாறு வருடம் கூட வாழ்ந்த மனைவிக்குத் தன் குரல் டிரில்லை விட மோசம் என்று ஒரு வரைபடம் சொன்னால் யாருக்கும் நோகும். ஆனாலும் இருபது வருடம் அளந்தே பிழைத்தவன். நொந்த கையோடு அவனுக்கு ஒன்று தோன்றியது. பூங்கோதையின் காதே இப்போது மேசை மேல் இருக்கிறது. போகாதே என்று எப்படிச் சொன்னால் அவளுக்குள் போகும் என்பதை இதிலேயே சோதித்துப் பார்த்துவிடலாம். இப்படி ஒரு யோசனை ஹெட்போன் விமர்சகனைத் தவிர வேறு யாருக்கும் வந்திருக்காது.

கதவைச் சாத்திக்கொண்டு பொம்மைத் தலையிடம் கெஞ்ச ஆரம்பித்தான். “கோதை, நீ இங்கயே இருக்கறதுல மூணு நன்மை இருக்கு” என்றான். முப்பது டெசிபல் பள்ளம். “உன் திறமைக்கு சென்னைலதான் வாய்ப்பு அதிகம்” என்றான். முப்பத்தொன்று. கல்யாணமான புதிதில் கூப்பிட்டதைப் போல “கண்ணு” என்று ஆரம்பித்துப் பார்த்தான். இருபத்தாறு. முன்னேற்றம் என்று குறித்துக்கொண்டு இன்னும் குழைந்தான், மறுபடி முப்பதுக்குப் போனது. கிசுகிசுத்தான், கண்டிப்பாகப் பேசினான், ஒரு கட்டத்தில் பாடவும் செய்தான். பாட்டு முப்பத்து நாலு.

தணிகாசலம் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். “மாப்ள, மிக்ஸி ஜார் மூடி எங்க இருக்குன்னு தெரியுமா?”

“தெரியல மாமா.”

அவர் போய்விட்டார். மதியழகன் தற்செயலாகத் திரையைப் பார்த்தான். பள்ளம் இல்லை. விளக்கம் எதுவும் ஒட்டாத அந்த ஒரு வார்த்தை முழுதாக உள்ளே போயிருந்தது. அது மட்டுமில்லை, நாலு டெசிபல் ஏற்றியும் விட்டிருந்தது. பொம்மைத் தலையைப் பார்த்து மறுபடி “தெரியல” என்றான். போனது. மறுபடியும் சொன்னான். போனது. பூங்கோதையின் காதில் தடையில்லாமல் நுழைகிற ஒரு சொல் கிடைத்துவிட்டது. அன்று முழுக்க அவன் குளியலறையிலும் பால்கனியிலும் “தெரியல, தெரியல” என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். சந்தோஷமாக இருந்தான்.

மாத முடிவு வந்தது. சாயங்காலம் கிளினிக்கிலிருந்து வந்த பூங்கோதை பையை வைத்துவிட்டு நேராக அவன் அறைக்கு வந்தாள்.

“இன்னிக்கு அவளுக்குப் பதில் சொல்லணும். கடைசியா உங்ககிட்ட ஒரு தடவை கேட்டுக்கறேன். நான் போகட்டுமா?”

மதியழகன் எழுந்து நின்றான். முகத்தை மலர்த்திக்கொண்டு, ஒத்திகை பார்த்த அதே தொனியில், அவளுக்கென்றே வைத்திருந்த சொல்லைச் சொன்னான்.

“தெரியல.”

பூங்கோதை அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“பதினாறு வருஷத்துல முதல் தடவையா என்கிட்ட ஒண்ணு தெரியலன்னு சொல்றீங்க” என்றாள். “அதுவும் இதுக்கு.”

அவள் திரும்பி நடக்க ஆரம்பித்த பிறகுதான் தான் செய்த காரியம் அவனுக்கு உறைத்தது. “நில்லு, நில்லு கோதை, அது அந்த அர்த்தத்துல இல்ல” என்று பதறி, நாற்காலியில் இடித்துக்கொண்டு ஓடி, எல்லாவற்றையும் உளறிக் கொட்டினான். ஊறப்போட்டது, குரல் காணாமல் போனது, ரெஹானா சொன்னது, பள்ளம், பாட்டு, மிக்ஸி ஜார் மூடி. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். திரையில் தன் பெயர் போட்டிருந்த கோட்டைக் குனிந்து பார்த்தாள்.

“முப்பதுன்னா எவ்ளோ?”

“நான் பக்கத்து வீட்ல உக்காந்து பேசற மாதிரி.”

“அவ்ளோதானா? நான் இன்னும் அதிகமா இருக்கும்னு நெனச்சேன்.”

கோபமாகச் சொன்ன மாதிரி இல்லை. எக்ஸ்ரே பார்த்துவிட்டுச் சொல்வாளே, அந்தக் குரலில் சொன்னாள். பிறகு மேசையில் கிடந்த டெல்வாக்கைக் காட்டினாள்.

“இதையும் இதே மாதிரி அளந்தீங்களா?”

“எதுக்கு? அது என் செட்டு. அதுல எல்லாம் சரியாதான் கேக்குது.”

“கம்பாரிசன்னா எல்லாத்துக்கும் ஒரே டெஸ்ட் வைக்கணும்னு நீங்கதானே சொல்வீங்க. மாட்டுங்க. நான் பேசறேன்.”

மறுக்க அவனுக்கு நியாயம் இருக்கவில்லை. டெல்வாக்கைப் பொம்மைத் தலையில் மாட்டினான். பூங்கோதை எதிரே உட்கார்ந்தாள். என்ன பேசுவது என்று யோசித்து, வாயில் பழகியதையே பேசினாள். “வாயை நல்லா திறங்க. வலிச்சா கையைத் தூக்குங்க, நிறுத்திடறேன்.”

திரையில் கோடு வந்தது. அளவுகோல் வைத்து இழுத்ததைப் போல இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நேராக இருந்தது. ஒரு மேடு இல்லை, ஒரு பள்ளம் இல்லை. இருபது வருடமாக இப்படி ஒரு கோட்டைத்தான் அவன் தேடிக்கொண்டிருந்தான். எத்தனையோ ஹெட்போன்களை இந்தக் கோட்டுக்காகப் புகழ்ந்து எழுதியிருக்கிறான். பழக்கதோஷத்தில் வாய்விட்டே சொல்லிவிட்டான்.

“அடடா, ஃபிளாட்.”

“அப்படின்னா?”

அவன் இப்போதுதான் அதன் அர்த்தத்தை யோசித்தான். சொல்லாமல் இருக்க முடியவில்லை. “இந்தக் குரல் வரும்போது போட்டிருக்கறவருக்கு நாடி ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. பல்லைக் கடிக்கல. காதைத் தீட்டவும் இல்ல. அதனால செட்டு ஒண்ணும் செய்யல.”

“ஃபேன் சத்தத்துக்கு?”

அளந்தான். மின்விசிறிக்கு ஐந்து டெசிபல் குறைத்திருந்தது.

“வாசல் மணிக்கு?”

கூரியர்காரர் அடிக்கிற மணி. அதை ஒன்பது டெசிபல் ஏற்றிவைத்திருந்தது.

பூங்கோதை தலையாட்டினாள். கண் கலங்கியிருந்தது, துடைத்துக்கொண்டாள். “உங்க குரல் எனக்கு எரிச்சல்தாங்க. அது இந்த மெஷின் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல. ஆனா எரிச்சல் வர்ற அளவுக்கு நான் இன்னும் உங்களைக் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். என்னோடதுல ஒரு பள்ளமாவது இருக்கு. உங்களோடதுல ஃபேனுக்கு இருக்கறது எனக்கு இல்ல.”

அவள் கூடத்துக்குப் போய்த் தோழிக்குப் போன் செய்து, வருகிறேன் என்று சொன்னது சுவரைத் தாண்டித் தெளிவாகக் கேட்டது.

அடுத்த வாரம் கிளம்பினாள். தணிகாசலமும் கூடக் கிளம்பினார். சிறுவாணித் தண்ணீர் தன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும் என்று காரணம் சொன்னார், ஊர்சாவைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஓட்டுநர் இல்லாத தானோட்டிக் கார் கீழே வந்து நின்றது. பூங்கோதை படியிறங்கும்முன் டெல்வாக்கை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தாள்.

“இதைக் கழட்டாம போட்டுக்கிட்டு இருங்க. நான் பேசினது கம்ப்யூட்டர்ல பதிவாகியிருக்கு இல்ல? அதைத் தினம் போட்டுக் கேளுங்க. அப்பப்ப அளந்து பாருங்க. கோடு வளைஞ்சா போன் பண்ணுங்க.”

“வளையலன்னா?”

“அப்ப எதுக்குங்க போன்?”

உண்மையைச் சொல்ல வேண்டும். முதல் வாரம் அவனுக்கு வசதியாகவே இருந்தது. வீடு அமைதியாக இருந்தது, ஒப்பீட்டை எழுதி முடித்தான். ஒலித்தரத்தில் கீரவாணிக்கு முதலிடம், டெல்வாக்குக்கு இரண்டு, ஊர்சாவுக்கு மூன்று. சொகுசு என்ற தலைப்பின்கீழ் மூன்றுக்கும் சுழியம் கொடுத்தான். காதுமெத்தையின் தையலில் ஏதாவது குறையா என்று வாசகர்கள் கேட்டார்கள். மதியழகன் பதில் எழுதவில்லை. பதில் எழுதாத மதியழகனை அவர்கள் அதுவரை கண்டதில்லை.

சொன்னபடி டெல்வாக்கைப் போட்டுக்கொண்டே இருந்தான். அதோடு சமைத்தான், அதோடு துணி காயப்போட்டான். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, வாயை நல்லா திறங்க, வலிச்சா கையைத் தூக்குங்க, நிறுத்திடறேன் என்று பூங்கோதையின் குரலைக் கேட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் பொம்மைத் தலையில் மாட்டி அளந்தான். கோடு நேராகவே இருந்தது. அதற்கு அடுத்த ஞாயிறும் நேராக இருந்தது. அவனுக்கு வெட்கமாக இருந்தது. வேண்டுமென்றே பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டும் பார்த்தான். உணரி ஏமாறவில்லை.

பேசுவதற்கு ஆள் இல்லை. ஒருநாள் தோசை வார்த்துக்கொண்டே இரும்புக்கல்லுக்கும் நான்ஸ்டிக்குக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க ஆரம்பித்து, எதிரில் யாரும் இல்லாததைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினான். அவள் எத்தனையோ முறை சமையலறையில் நின்று ஏதோ சொல்லியிருக்கிறாள். என்ன சொன்னாள் என்று யோசித்துப் பார்த்தான். ஒரு வாக்கியம்கூட நினைவுக்கு வரவில்லை. அவள் பேசி முடிக்கட்டும், நாம் ஆரம்பிக்கலாம் என்று காத்திருந்தது மட்டும் நினைவில் இருந்தது. தோசை கருகியது. அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தான். சாப்பிடத் தோன்றவில்லை.

இன்னொரு நாள் வாசல் மணி அடித்தது. டெல்வாக் வழியாகக் கணீரென்று கேட்டது. கதவைத் திறந்தால் கூரியர் இல்லை. கன்னம் வீங்கிய ஒரு பெரியவர் நின்றார். கிளினிக் பூட்டியிருக்கிறதே, டாக்டரம்மா இல்லையா என்று கேட்டார். கோயம்புத்தூர் போயிருக்கிறாள் என்றான்.

“எப்ப வருவாங்க? அவங்க பேசிக்கிட்டே செஞ்சா வலி தெரியாதுங்க.”

மதியழகன் அவருக்கு வேறொரு டாக்டரின் விலாசத்தைச் சொல்லி அனுப்பினான். கதவைச் சாத்திவிட்டு அங்கேயே நின்றான். அந்தப் பெரியவருக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லையே என்று துக்கமாக இருந்தது. அன்று சாயங்காலம் பூங்கோதையின் குரலைப் போட்டபோது பாதியிலேயே நிறுத்தும்படி ஆயிற்று.

அதன்பிறகு அந்தக் குரல் நாளுக்கு நாள் மெலிந்து வந்தது. பதிவு கெட்டுவிட்டதோ என்று முதலில் சந்தேகப்பட்டான். கெடவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திராமல் பொம்மைத் தலையில் மாட்டி அளந்தான். கோடு வளைந்திருந்தது.

திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு டெல்வாக்கை அணைத்துப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு, வெறுங்காதில் போனை வைத்துக்கொண்டு கூப்பிட்டான். அவள் எடுத்தபோது பின்னால் டிரில் ஓடிக்கொண்டிருந்தது.

“கோடு வளைஞ்சிருக்கு” என்றான்.

டிரில் நின்றது. “மேலயா, கீழயா?”

“கீழ.”

“எவ்ளோ?”

“பதினெட்டு. உன் குரல் வந்தா நாடி ஏறுது, தாடை இறுகுது. என்னால முடியலன்னு நெனச்சு அது உன்னைக் குறைக்க ஆரம்பிச்சுடுச்சு. இன்னும் ரெண்டு வாரம் போட்டிருந்தா நீ கேக்காமலே போயிடுவ. அதான் கழட்டி வெச்சுட்டேன்.”

“எரிச்சலா?”

“இல்ல.”

வேறு என்ன என்று அவள் கேட்கவில்லை. அவனும் விளக்கவில்லை. இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம் மட்டும் இருந்தது. அவனுக்கு அது போதுமான அளவு தெளிவாகக் கேட்டது.

“எனக்கு முப்பது” என்றாள் பூங்கோதை. “நீங்க இப்பதான் பதினெட்டுக்கு வந்திருக்கீங்க.”

“ஆமா.”

“சரி, இங்க ஒருத்தர் வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருக்காரு. சாயங்காலம் நானே கூப்பிடறேன். நான் பேசறேன், நீங்க கேளுங்க.”

சாயங்காலம் என்றால் எப்போது என்று அவனுக்குத் தெரியவில்லை. நாலு மணிக்கே போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.